காலில் எழுதிய கணக்கு

பழைய சோனகத் தெருவில்
எங்கள் கடைக்கு முன்னால் லொறி நின்றால்
பின்னால் அடிக்கிற ஹோர்ன் எல்லாம் என்னைத்தான் திட்டும்.
நான் பில் எழுதுகிறவள்.
பதினொரு வருடமாக ஒரே சாமானுக்கு
வேறு வேறு பெயர் எழுதுகிறேன்:
ஜிப்சம் போர்ட், ஜிப்சம் பவுடர், பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்,
தோட்டத்துக்கு என்றால் வெறும் ஜிப்சம்.
விலை மாறும்.
பின்னேரம் என் கண்ணிமை வெளுத்திருப்பது மாறாது.

வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கையிலிருந்து
செபமாலை மிஸ் வருவார்.
"மதிலுக்குள்ள கடல் வந்திட்டுது பிள்ளை,
கத்தரி இலை ஓரமெல்லாம் கருகுது.
சுண்ணாம்பு தா."
சுண்ணாம்பு இல்லை மிஸ், இது என்று
ஐந்து கிலோ கட்டிக் கொடுத்தேன்.
மண்ணைப் பிடித்திருக்கிற உப்பின் கையை
இது விடுவிக்கும்; கழுவுவது மழையின் வேலை.
"அப்ப மழையையும் பில்லில போடு" என்றார்.
மே மாதம். போடாமலே பெய்தது.

சுகத் பாஸ் பன்னிரண்டாம் மாடிக்கு
சீலிங் அடிக்கிறவர்.
பலகையைத் தட்டிக் காட்டுவார்:
கல்லுக்குள்ளே தண்ணீர் இருக்கிறது, நங்கி,
நெருப்புப் பிடித்தால் முதலில் அதுதான் வியர்க்கும்,
ஆட்கள் படியிறங்கும் வரைக்கும்.
அவருடைய வீடு வனாத்தமுல்லையில்.
தகரக் கூரை.

சீமெந்துக் கம்பெனிப் பையன் ஒருநாள் சொன்னான்,
இதைச் சேர்த்து அரைக்காவிட்டால்
தண்ணீர் பட்டவுடனே சீமெந்து இறுகிவிடுமாம்,
மேசன் கரண்டியை எடுக்கவும் நேரமிராது.
ஐம்பது கிலோ மூட்டைக்குள்
இரண்டு கிலோ 'பொறு.'
நான் சிரித்துவிட்டேன்.
எங்கள் முதலாளியிடம்
சம்பள நாளில்
ஐம்பது கிலோவும் அதுதான்.

ஜூன் பதினெட்டு.
மழை ஈரத்தில் படி வழுக்கிப்
பலகை அடுக்கு சரிந்தது,
நாட்டாமை பாலகுருவின் வலது காலில்.
உடைந்தது ஆறு என்று
ஸ்டொக் புத்தகத்தில் எழுதச் சொன்னார் முதலாளி.
எழுதினேன்.
காலுக்கு அதில் நிரல் இல்லை.

ஆஸ்பத்திரியில் நனைத்த துணியைச் சுற்றினார்கள்.
"சுடுது அக்கா," என்றான்,
"நெருப்பே இல்லாமச் சுடுது."
எனக்கு அது தெரியும்.
சூளையில் பறிகொடுத்த தண்ணீரைத்
திரும்ப வாங்கும்போது
அது அப்படித்தான் கொதிக்கும்.

ஐந்தாம் நாள் ஓட்டோவில் வந்து இறங்கினான்.
வாசலில், மூட்டைகளின் மேல் காலை நீட்டி,
"மார்க்கர் இருக்கா? எழுதுங்க,
சம்பளமில்லாத நாள் ஒவ்வொண்டும்."
பில்லில் எழுதுகிற அதே கையால் எழுதினேன்.
நாளுக்கு ஒரு கோடு,
ஐந்துக்கு ஒரு வெட்டு.
கணுக்காலில் தொடங்கியது
ஜூலை கடைசியில் முழங்காலுக்கு ஏறியது.
சாமான் வாங்க வந்தவர்கள் குனிந்து வாசித்தார்கள்.
முதலாளி பக்கவாசலால் வரத் தொடங்கினார்.

நாற்பத்திரண்டாம் நாள் வெட்டி எடுத்தார்கள்.
நொண்டிக்கொண்டு வந்தவன்
ஷொப்பிங் பைக்குள்ளிருந்து
இரண்டாய்ப் பிளந்த ஓட்டை எடுத்து
மேசையில் வைத்தான்.
ஒன்றும் பேசவில்லை.
முதலாளி கண்ணாடி போட்டு எண்ணினார்;
பிறகு நகத்தால் தொட்டுத் தொட்டு
இன்னொரு தரம்.
லாச்சி திறந்தது.
பாதி. மீதி வாற மாதம் என்றார்.
"அப்ப இதிலயும் பாதி இங்க இருக்கட்டும்."
கோடு போட்ட பக்கத்தை விட்டுவிட்டு
வெறும் பக்கத்தைக் கொண்டு போனான்.

ஃபேன் காற்றில் பில் தாள்கள் பறக்காமல்
இப்போது அதுதான் அழுத்திப் பிடிக்கிறது.
உள்பக்கத்தில் பஞ்சும், இரண்டு மூன்று மயிரும்.
செபமாலை மிஸ் நேற்று
நாலு கத்தரிக்காய் கொண்டுவந்தார்,
அதைத் தூக்கிப் பார்த்தார்.
"இதும் அதே சாமான்தானே?
இடிச்சுப் போட்டா என்ன, கத்தரிக்கு?"

போடலாம் மிஸ்.
ஆனால் இப்போதைக்கு இல்லை,
இது கடனில் நிற்கிறது.